விஸ்கிக்கு மல்லி தேடிப் பெரம்பலூர் போனோம்

பெரம்பலூர் வழியாக நான் நூறு தடவையாவது போயிருப்பேன். மதுரையில் பிறந்து சென்னையில் படித்த யாரும் போகாமல் இருந்திருக்க முடியாது. பஸ் ஜன்னலில் ஒரு மேம்பாலம், மக்காச்சோளக் காடு, பரோட்டாக் கல்லில் டங்குடங்கென்று கரண்டி அடிக்கும் ஒரு மோட்டல், மறுபடி தூக்கம். இறங்கி நடந்தது மட்டும் கிடையாது. போன மாசியில்தான் முதல்முறையாக இறங்கினேன், அதுவும் ஸ்காட்லாந்திலிருந்து கிளம்பி வந்து. காரணம், ஒரு பொட்டலம் மல்லி.

அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தின் வடகரையில், ஏழே பேர் வேலை பார்க்கும் சின்ன மது தயாரிப்புக் கூடம் ஒன்றில் நான் இருக்கிறேன். உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு மேற்படிப்புக்குப் போனவள், வாசனை பிடித்துப்போய் அங்கேயே ஒட்டிக்கொண்டேன். நாங்கள் செய்வது விஸ்கி லிக்யூர். விஸ்கியில் தேன் கலந்து, மூலிகையும் மசாலாவும் ஊறப்போட்டு, மாதக்கணக்கில் பொறுமையாக இருந்து வடிகட்டி எடுக்கிற இனிப்பு மது. எதை எவ்வளவு போடுவது என்று முடிவு செய்பவர் பியோனா. ஐம்பத்தெட்டு வயது. வாசனைக்குப் பாதகம் என்று சென்ட் பூசமாட்டார், மதியம்வரை காபி குடிக்கமாட்டார். எங்கள் கூடமே அவருடைய மூக்கை நம்பித்தான் ஓடுகிறது.

அம்மா மதுரையிலிருந்து அனுப்பிய மல்லிப் பொட்டலத்தை ரசத்துக்காகக் கூடத்துச் சமையலறையில் வைத்திருந்தேன். ஒருநாள் அதைத் திறந்து மூக்கை நுழைத்த பியோனா வெகுநேரம் நிமிரவில்லை. பாதியை அள்ளி ஒரு சோதனைக் குடுவையில் போட்டார். மூன்று மாதம் கழித்து அந்தக் குடுவையைத் திறந்தபோது வந்த வாசனையை எப்படிச் சொல்வது? ஆரஞ்சு உரித்த கை. மழை நனைத்த வைக்கோல். அதற்கும் பின்னால், ரொம்பத் தள்ளி, கதவைச் சாத்திய ஒரு பலசரக்குக் கடை. ஏழு பேரும் குடுவையை விட்டு நகரவில்லை.

மறுபடி செய்யப் பார்த்தோம். வரவில்லை. எங்கெங்கிருந்தோ மல்லி தருவித்தோம். வரவே இல்லை. அம்மாவைக் கேட்டால், "பலசரக்குக் கடைல பெரம்பலூர் மல்லின்னாங்க. எனக்கு வேற என்னடி தெரியும்?" என்றார். அந்தக் கலவை என்னுடையது என்றுதான் கூடத்தில் எல்லோரும் சொல்வார்கள். நான் சேர்ந்தபிறகு என் பெயர் சொல்ல ஒன்று வருமானால் அதுதான். அந்த மல்லி கிடைத்தால் இந்த வருடமே போடலாம், கிடைக்காவிட்டால் அதை மறந்துவிடலாம் என்று பியோனா சொல்லிவிட்டார். சொன்னவரே கூட வருகிறேன் என்று பெட்டியும் கட்டினார். கையில் இருந்தது மூன்று நாள்.

திங்கட்கிழமை. திருச்சியிலிருந்து வரும்போதே சிறுவாச்சூரில் கார் நின்றுவிட்டது. மதுரகாளியம்மன் கோயில் நடை திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். சேர்த்துவைத்த கூட்டமெல்லாம் மாவிளக்குத் தூக்கோடு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. "மற்ற நாட்களில் அம்மன் எங்கே போகிறார்?" என்று பியோனா கேட்டார். நான் அதை டிரைவர் செந்திலிடம் தமிழில் கேட்டேன். செந்தில் பெரம்பலூர்க்காரர், முப்பது வயது, கூகுள் மேப் எது சொன்னாலும் "அதுக்கு என்னா தெரியும்" என்பவர்.

"மத்த நாள் மலைக்குப் போயிருவாங்க மேடம். ரெஸ்ட்டு."

மொழிபெயர்த்தேன். "எங்களுக்கும் இப்படியொரு வேலை நேரம் வேண்டும்" என்றார் பியோனா, கோயில் திசையில் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு.

பெரம்பலூரில் ஒரு மெஸ்ஸில் இலை போட்டார்கள். எங்கள் ஸ்காட்லாந்து ஊரில் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தால் மழைக்கோட்டின் ஈர வாடை முதலில் வரும், சாப்பாட்டு வாசனை அப்புறம்தான். இங்கே ரோட்டில் நிற்கும்போதே தாளிப்பு வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்கார வைக்கிறது. பியோனா ஒவ்வொரு கிண்ணமாக முகர்ந்தார். பரிமாறுகிறவர் என்னிடம் குனிந்து, "கெட்டுப்போச்சான்னு பாக்குறாங்களா?" என்று வருத்தமாகக் கேட்டார். இல்லை, அது அவர் தொழில் என்று சொன்னதும் நிம்மதியாகி, இரண்டு அப்பளம் அதிகம் வைத்தார்.

பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருந்த மளிகைக் கடைகளில் பதினோரு மல்லிக் குவியலைப் பார்த்தோம். பார்த்தோம் என்றால் நான் பார்த்தேன், அவர் முகர்ந்தார். நாலு விதையை உள்ளங்கையில் போட்டுக் கட்டைவிரலால் நசுக்கி, கண்ணை மூடி, உதட்டைப் பிதுக்குவார். அடுத்தது. கடைசிக் கடைக்காரர் கல்லாவில் இருந்தபடி பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்தார்: "ஏய், வந்து பாருய்யா. இவங்க மோப்பத்துக்கு போலீஸ் நாயெல்லாம் பிச்ச வாங்கணும்!" என்ன சொல்கிறார் என்று பியோனா கேட்டார். உங்களைப் பாராட்டுகிறார் என்றேன். அது பொய்யும் இல்லை.

"இதெல்லாம் ராஜஸ்தான் சரக்குங்க" என்றார் அந்தக் கடைக்காரரே. "நம்மூரு மல்லி வெளையுது, நாங்க இல்லன்னு சொல்லல. களத்துலேந்தே லாரி ஏறிப் போயிரும். மீன்சுருட்டில ஒருத்தரு வாங்கி வெச்சிருக்காருன்னு கேள்வி. போயிப் பாருங்க."

வெளியே வந்ததும் செந்தில் தலையைச் சொறிந்தார். "மேடம், எங்க அத்த வூட்டுலயே மல்லிதான். வேப்பந்தட்டைக்கு அந்தாண்ட. மொதல்லயே சொல்லிருக்கலாம்ல நீங்க, எதுக்கு வந்தீங்கன்னு?" உடனே போனைப் போட்டார். "அத்தே, ஃபாரின் கம்பெனிலேந்து வந்திருக்காங்க. மல்லி வேணுமாம். ஆமா, புதங்கெழம கூட்டியாறேன்." போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைக் கேட்டார்: "எதுக்குன்னு கேக்குது?"

"விஸ்கிக்கு."

"அய்யய்யோ!" மூடிய கையை எடுத்தார். "மூலிக டானிக்கு அத்தே. சளிக்கு."

நான் சும்மா இருந்துவிட்டேன். மூலிகை இருக்கிறதுதானே, குளிருக்கு இதமாகவும் இருக்கும்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பியோனாவிடம் இதை மொழிபெயர்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மீன்சுருட்டி. பெரம்பலூரிலிருந்து அரியலூர் தாண்டிக் கிழக்கே போகப்போக மண் நிறம் மாறிக்கொண்டே வருகிறது. கருப்பு வெளுத்து, சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக் கல் ஏற்றிப் போகிற லாரிகளின் தூசியில் வேப்பமரங்கள்கூட மாவு பூசி நின்றன. அப்படி ஒரு லாரிக்குப் பின்னால் நாங்கள் போகும்போது டயர் படாரென்றது. நல்லவேளை, எதிரிலேயே ஒரு பஞ்சர் கடை.

கடைக்காரர் ஜாக்கி போடும் முன்பு, கார் உருளாமல் இருக்க ஒரு கல்லை உதைத்துப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். பியோனா அந்தக் கல்லைப் பார்த்தார். அப்படியே மண்ணில் மண்டியிட்டார். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு சுருள். வரிவரியாக, சங்குபோல உள்ளே உள்ளே சுற்றிக்கொண்டு போகும் அம்மோனைட். கடல் உயிரி. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்பு உயிரோடு நீந்தியது, இப்போது செந்திலின் காரைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தது.

"என்னாங்க, அந்தம்மாவுக்கு மயக்கமா?" என்றார் கடைக்காரர்.

"இது கடல் பிராணிங்க. இந்த இடமெல்லாம் ஒரு காலத்துல கடலு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கடலா? இங்கயா? போர் போட்டு வுட்டா ஐநூறு அடிக்கும் பொகதான் வருது. கடலுங்கறீங்க!"

பஞ்சர் ஒட்டி முடிக்கும்வரை பியோனா அந்தக் கல்லருகே உட்கார்ந்திருந்தார். "எங்கள் பீப்பாய் இருபது வருடம் இருட்டில் கிடந்தால் 'பழையது' என்று பாட்டிலில் எழுதிப் பெருமைப்படுகிறோம்" என்றார்.   மதுரையில் பிறந்தவள் நான், பழசு என்றால் கோபுரம் என்று நினைத்து வளர்ந்தவள். கோபுரமெல்லாம் நேற்று காலை கட்டியது என்று அந்த டயர் கடையில் தோன்றிவிட்டது.

மீன்சுருட்டி வியாபாரி நல்ல மனிதர். கிடங்கைத் திறந்து, மூட்டையைக் குத்தி, உள்ளங்கை நிறையக் கொடுத்தார். பியோனா முகர்ந்தார். சாக்கு வாசனைதான் வந்தது. "போன வருசத்துதுங்க" என்று அவரே ஒப்புக்கொண்டு டீ வாங்கித் தந்தார். டீக்கடை பெஞ்சில் இருவர் எங்களைப் பற்றிப் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"கங்கைகொண்ட சோழபுரம் பாக்க வந்தவங்களா இருக்கும்."

"கோயில் பாக்க வந்தவங்களுக்கு மல்லி மூட்டைக்குள்ள என்னாடா வேல?"

"உள்ள எதாச்சும் செல இருக்கான்னு பாக்குறாங்களோ என்னமோ."

புதன்கிழமை காலை வேப்பந்தட்டை ரோடு. மேற்கே பச்சைமலை நீளமாகப் படுத்திருந்தது. இருபுறமும் பருத்தியும் அறுத்து முடித்த சோளத்தட்டையும். ஒரு வளைவு திரும்பியதும் ரோட்டில் பாதியை அடைத்து மல்லிச்செடியைப் பரப்பியிருந்தார்கள். களம் இல்லாதவர்களுக்குத் தார் ரோடுதான் களம். போகிற பஸ், வருகிற லாரி எல்லாம் ஏறி மிதித்து விதையை உதிர்த்துக் கொடுத்துவிட்டுப் போகும். செந்தில் ஸ்டியரிங்கை ஒடித்து, வேண்டுமென்றே அதன்மேல் ஏற்றினார். "ஏத்தலன்னா திட்டுவாங்க மேடம்."

நொறுநொறுவென்று சத்தம். அடுத்த நொடி கண்ணாடி ஏற்றிய காருக்குள் அந்த வாசனை.

"நிறுத்து!" என்று பியோனா கத்தினார். அந்தக் கத்தலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இறங்கி நடு ரோட்டில் நின்றார். ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்து ஒதுங்கி, எங்களுக்காக இன்னொரு தரம் மிதித்துவிட்டுப் போனது. காற்று முழுக்க ஆரஞ்சு. வைக்கோல். நான் ஸ்காட்லாந்துக் குடுவையில் முகர்ந்தது ஒரு சொட்டு. இங்கே ஊரே அதற்குள் நின்றுகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

செந்திலின் அத்தை தனலட்சுமி வாசலிலேயே நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நைலக்ஸ் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, முழங்கைவரை மடித்தது. பக்கத்தில் அவர் கணவர் ராஜேந்திரன், அதிகம் பேசாதவர், இருமிக்கொண்டிருந்தார். முன்னறையில் ஆறு மூட்டைகள், வாய் திறந்து, வரிசையாக.

"பாரு பாப்பா, முத்து மாரி இருக்கா?" என்றார் தனலட்சுமி. உண்மையில் முத்துதான். நான் அவ்வளவு வெள்ளையான மல்லியைப் பார்த்ததே இல்லை. "செந்திலு போன் போட்டதுலேந்து வூட்டுல ஒருத்தரும் ஒக்காரல. ரெண்டு தடவ சலிச்சோம். கருத்தது, சிறுத்தது எல்லாம் கையாலயே பொறுக்கித் தள்ளியாச்சு. ரெண்டு நாளு நல்லா வெயில்ல காய வெச்சு, யாவாரி சொன்னாருன்னு ராத்திரி கந்தகப் பொகயும் போட்டோம். வெள்ளக்காரங்களுக்கு வெள்ளையா இருந்தாத்தான புடிக்கும்?"

பியோனா கைநிறைய அள்ளினார். நசுக்கினார். கண்ணை மூடினார். இன்னொரு மூட்டை. இன்னொன்று. ஆறாவது மூட்டைக்குப் பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இதற்குள் யாரும் இல்லை."

"ரொம்ப சுத்தமா இருக்குன்னு சொல்றாங்க" என்றேன்.

தனலட்சுமி என்னைப் பார்த்தார். "சுத்தமா இருக்குன்னு சொல்றப்ப மொகம் இப்புடியா போவும்? சரி, மொதல்ல சாப்புடுங்க."

நாட்டுக்கோழிக் குழம்பு, முருங்கைக்காய்ப் பொரியல். எனக்கு எதுவும் இறங்கவில்லை. ரோட்டில் மணந்ததும் வெயிலில் காய்ந்து முடித்தால் இப்படித்தான் ஆகும். வந்த காரியம் முடிந்தது, என் கலவையும் முடிந்தது என்று சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். பியோனாவுக்குக் குழம்பு காரமாகிவிடக் கூடாதென்று தனலட்சுமி ஒரு எவர்சில்வர் டம்ளரில் ரசம் ஊற்றிக் கொடுத்தார். பியோனா பழக்கதோஷத்தில் டம்ளரைச் சுழற்றினார். மூக்கருகே கொண்டுபோனார்.

டம்ளர் அங்கேயே நின்றுவிட்டது.

"கேள்" என்றார் என்னிடம்.  "இதில் இருக்கும் மல்லி எங்கே என்று கேள்."

கேட்டேன். தனலட்சுமிக்கு ஒரே சிரிப்பு. "அதா? அது வூட்டு மல்லி. விக்கிற மல்லி இல்ல." அடுப்படிக்குப் போய், பெயின்ட் கம்பெனிக்காரன் படம் பாதி அழிந்திருந்த இருபது லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவைத் தூக்கி வந்து மூடியை நெம்பினார். உள்ளே கருத்த, சிறுத்த, பார்க்கவே ஏழையான மல்லி. முன்னறையில் பொறுக்கித் தள்ளியது எதுவோ அதன் உடன்பிறப்பு. வாசனை மட்டும் கூரையை முட்டியது.

"இது அரப்பச்சையா இருக்கறப்பவே, பனி காயறதுக்குள்ள அறுத்துருவோம். மாட்டுக் கொட்டாயில தலகீழா கட்டித் தொங்க வுட்டா நெழல்லயே காயும். கையாலதான் உதுக்கணும். ரோட்டுல போட மாட்டோம். ரசப்பொடிக்கும் வெதைக்கும் இதான். யாவாரிகிட்ட காட்டுனா, என்னா இது எலிப்புழுக்க மாரின்னுவான்." சற்று யோசித்தார். "இதப் போயா கேக்குறாங்க? கொட்டாயில இன்னும் கட்டுக்கட்டா தொங்குதே!"

பியோனா டப்பாவுக்குள் கையை விட்டவர் வெளியே எடுக்கவில்லை. ராஜேந்திரன் என்னைக் கொட்டாய்க்குக் கூட்டிப்போய்க் காட்டினார். மேலே மூங்கிலில், பசுவின் கொம்புக்கு எட்டாத உயரத்தில், நூற்றுக்கு மேல் கட்டுகள். எங்களுக்குப் போதும். தாராளமாகப் போதும். பசு என்னைப் பார்த்து அசைபோட்டது. எனக்கு அதைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

திரும்பி வந்ததும் சந்தோஷத்தில் வாய் சும்மா இராமல், "ரோட்டுல காயப்போட்டா போலீஸ்ல ஒன்னும் சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டுவைத்தேன்.

"எங்களயா?" தனலட்சுமி இடுப்பில் கை வைத்தார். "ஒம்போது நாளு அந்த ரோட்டுலயே ஒக்காந்து சாராயக் கடைய மூட வெச்சவங்க நாங்க. பதினாலு பொம்பளைங்க. சோறாக்கறது, தூங்கறது எல்லாம் அங்கயே. எங்கள எவன் கேப்பான்?"

செந்திலுக்குப் புரை ஏறியது. தலையில் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

பேச்சு திடீரென நின்றதும், ஒரு வார்த்தையும் புரியாத பியோனா, நன்றி சொல்ல இதுதான் நேரம் என்று நினைத்துவிட்டார். எங்கள் ஸ்காட்லாந்து ஊரில் ஒரு வீட்டுக்குப் போனால் ஒரு பாட்டிலோடுதான் போகவேண்டும். பையைத் திறந்து, கூடத்திலிருந்து கொண்டுவந்த சின்ன பாட்டில் ஒன்றை இரண்டு கையாலும் தனலட்சுமியிடம் நீட்டினார். எங்கள் லிக்யூர்.

"இதான் அந்த டானிக்கா?"

"ஆமாத்தே" என்றார் செந்தில், இருமலுக்கு நடுவில்.

தனலட்சுமி தக்கையை உருவி முகர்ந்தார். பியோனா முகர்வதுபோலவே, கண்ணை மூடி. "தேனு. ஏலக்கா. சுக்கு. டானிக்கு நெடி வேற. மல்லி இருக்கு, ஆனா வறுத்துட்டு போட்டிருக்கீங்க. லேசா கருகிருச்சு."

மொழிபெயர்த்தேன்.  அந்தத் தடவை மல்லியை வறுத்ததும், ஒரு நிமிடம் அதிகமாகிவிட்டதும் அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். எத்தனையோ நாட்டு நிபுணர்கள் குடித்துவிட்டு ஆகா என்றிருக்கிறார்கள். யாரும் கண்டுபிடித்ததில்லை. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே தொழில் செய்கிறவர்கள் பார்த்துக்கொள்ளும் பார்வை அது.

"இவருக்கு ஒரு மாசமா நெஞ்சு சளி" என்று தனலட்சுமி பாட்டிலைக் கணவர் பக்கம் திருப்பினார். "ஒரு மூடி குடுக்கலாமா பாப்பா?"

ராஜேந்திரனுக்கும் வாசனை எட்டியிருந்தது. அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்கு வேணாந் தனம்" என்றார், ரொம்ப மெல்ல.

தனலட்சுமி அவரைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். பிறகு என்னை.

'ஆமாம், டானிக்தான், ஆனால் சர்க்கரை இருக்கிறது, இருமலுக்கு ஆகாது' என்று ஒரு வாக்கியம் என் நாக்கில் தயாராக இருந்தது. கொட்டாயின் நூறு கட்டுகளும் என் கண்முன்னால் தொங்கின.

"டானிக் இல்லைங்க" என்றேன். "விஸ்கி. நாங்க செய்யறது சாராயந்தான். உங்ககிட்ட மறைச்சுட்டோம்."

 தனலட்சுமி தக்கையை எடுத்து, உள்ளங்கையால் அடித்து இறுக்கினார். "ரெண்டு நாளா என் வூட்டு ஆளுங்க வெயில்ல வெந்தது இதுக்குத்தானா?" என்று மட்டும் கேட்டார். குரலை உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பியோனா என்ன என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். போனில் சொன்ன பொய், நான் சும்மா இருந்தது, ஒன்பது நாள், பதினான்கு பெண்கள். அவர் முகம் கழுத்துவரை சிவந்தது. என்னைத் திட்டவில்லை. தனலட்சுமியைப் பார்த்துக் கோணலாகக் கைகூப்பினார்.

"என்னாங்கறாங்க?"

"தெரிஞ்சிருந்தா வந்திருக்கவே மாட்டேன்கிறாங்க. மன்னிப்புக் கேக்குறாங்க."

"அவங்க எதுக்குக் கேக்கணும்? பொய் சொன்னது நம்மாளுங்க ரெண்டு பேருல்ல." செந்திலின் தலையில் ஒரு குட்டு விழுந்தது. எனக்கு விழாதது விருந்தாளி என்பதால்தான். "இங்க பாரு பாப்பா. கோவத்துல சொல்லல. இத நான் குடுக்க மாட்டேன். அந்த வெள்ள மல்லி சந்தைக்குப் போவும், அது எங்க போயி என்னா ஆவுதுன்னு எனக்குத் தெரியாது. இது தெரிஞ்சு குடுக்குறது. நாளைக்கு இன்னொரு கடைய கொண்டாந்து வெப்பான். அன்னைக்கு அந்தப் பொம்பளைங்களோட எந்த மொகத்த வெச்சிக்கிட்டு நான் ரோட்டுல ஒக்காருவேன்?"

"வேண்டாங்க. கேக்க மாட்டோம்."

கிளம்பும்போது அவர் பெயின்ட் டப்பாவைச் சாய்த்து, ஒரு துணிப்பையில் இரண்டு படி மல்லி கொட்டினார். என்னைத் தாண்டிப்போய்ப் பியோனாவின் கையில் கொடுத்தார். "ரசம் நல்லாருக்குன்னு மூணு டம்ளரு குடிச்சாங்கல்ல, அவங்களுக்கு. சொல்லிரு, ரசத்துக்கு மட்டும்."

சொன்னேன். காரில் பியோனா பையை மடியில் வைத்துக்கொண்டார். பெரம்பலூர் தாண்டும்போது, "ஒரு சோதனைக் குடுவைக்கு இது சரியாக இருக்கும்" என்றார். கணக்குச் சொல்வதுபோல.  

இந்த வருடம் என் கலவை போடவில்லை. பியோனா அதைப் பட்டியலிலிருந்து அடித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். துணிப்பை கூடத்து அலமாரியில் மசாலா ஜாடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது. போகும்போதும் வரும்போதும் பியோனா அதன் வாயைத் திறப்பார், முகர்வார், மூடுவார். நான் பார்க்காததுபோல இருப்பேன். என்னையே என்னால் நம்ப முடியவில்லை. ஒரு கைப்பிடி போட்டால் வேப்பந்தட்டையில் யாருக்குத் தெரியப்போகிறது?

ஒரு திங்கட்கிழமை காலை வேலைக்கு வந்தால் அலமாரியில் பை இல்லை. சோதனை அறையில் விளக்கு எரிந்தது. படியில் தாவி ஓடினேன்.

பியோனா அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கன்னத்தில் புளிக்கரைசல். எப்போதோ என்னிடம் கேட்டு வாங்கியிருந்த அம்மாவின் ரசச் செய்முறையைச் சுவரில் ஒட்டியிருந்தார். மற்ற ஐந்து பேரும், காலை எட்டரை மணிக்கு, விஸ்கி முகரும் குட்டிக் கண்ணாடிக் கிண்ணத்தை ஆளுக்கொன்றாகப் பிடித்தபடி வரிசையில் நின்றார்கள். எனக்கும் ஒன்று நீட்டினார். புளி கொஞ்சம் தூக்கல், உப்பு கம்மி. மல்லி மட்டும் அப்படியே வந்தது, கண்ணாடியின் விளிம்பிலிருந்து நேராக நெற்றிக்கு. பீப்பாய் உருட்டுகிற டங்கன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிளகுதான் காரணம் என்றார்.

எந்தச் சோதனை என்றாலும் எங்கள் கூடத்தில் ஒரு தாள் நிரப்ப வேண்டும். பியோனா அன்றும் நிரப்பினார். நாள், சேர்த்த பொருள்கள், கொதித்த நேரம், முதலில் வரும் வாசனை, கடைசியில் தங்கும் வாசனை. மதுவின் வலு எத்தனை சதவீதம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு, முப்பது வருடமாக அவர் எழுதிவரும் அந்தக் கட்டத்தில், முதல்முறையாக ஒரு பூஜ்யம் போட்டார். நல்ல பெரிய பூஜ்யம்.